கருவி நான்காவதாகத்தான் வரும்: பார்வை, செவித்திறன் குறைந்தவர்களுக்குச் சென்னையில் ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டு பீரோவின் இரண்டாவது இழுப்பறையில் மூன்று பொருட்கள் தூங்கிக்கொண்டிருந்தன. அப்பாவுக்காக வாங்கிய, விளக்கு வைத்த பூதக்கண்ணாடி. பெரியம்மாவுக்காக வாங்கிய ஒரு ஜோடி காதொலிக் கருவி. அப்புறம் பேசும் கைக்கடிகாரம் ஒன்று. அது பேசிய ஆங்கிலம் அப்பாவுக்குப் பிடிபடவில்லை. பிடிபட்ட எனக்கோ கடிகாரம் தேவைப்படவில்லை. மூன்றுமே நல்ல பொருட்கள்தான். யாருக்காக வாங்கினேனோ அவர்களைக் கேட்காமல் வாங்கினேன் என்பதுதான் அவற்றின் ஒரே குறை.

அப்பாவுக்கு க்ளாக்கோமா, கண் நரம்பைக் கெடுக்கும் நோய். பெரியம்மாவுக்கு வயதோடு வந்த காது மந்தம். இருவருக்காகவும் சில வருடங்கள் சென்னைக்குள் அலைந்ததில் தெரிந்துகொண்டதை, "இனிமேல் இவ்வளவுதான் பார்வை" என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு நேற்று வீடு திரும்பிய ஒரு குடும்பத்துக்குச் சொல்வதுபோல் எழுதுகிறேன். முக்கியமாக வரிசையைச் சொல்கிறேன். முதலில் சோதனை, அடுத்து அடையாள அட்டை, அதற்கடுத்துக் கையில் ஏற்கெனவே இருக்கும் போன். கடையில் வாங்கும் கருவி அதற்கும் பிறகுதான்.

முதலில் சோதனை: என்ன போயிருக்கிறது, என்ன மிச்சம்?

கண்ணுக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. 1819இல் தொடங்கியது, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள். தனியாரில் பார்த்துக்கொண்டிருந்தாலும் எழும்பூரை ஒரு முறை எட்டிப் பார்ப்பது நல்லது, சான்றிதழ் வேலைக்கு அரசு மருத்துவமனைதான் வேண்டும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கண்ணாடி போட்ட பிறகு நல்ல கண்ணில் பார்வை எவ்வளவு, பார்வைப் பரப்பு, அதாவது நேரே பார்த்தபடியே சுற்றிலும் தெரியும் அகலம், எத்தனை டிகிரி? இரண்டு, "லோ விஷன் கிளினிக்குக்கு எழுதித் தர முடியுமா?" இந்த இரண்டாவது கேள்வியை நாங்கள் இரண்டு வருடம் கேட்கவே இல்லை. கண் அழுத்தத்தைக் குறைக்க மருந்து தரும் டாக்டருக்கு நோய்தான் கண்ணில் படும். மிச்சமிருக்கும் பார்வையை வைத்துக்கொண்டு மாத்திரை அட்டையை எப்படிப் படிப்பது என்பது வேறு ஆட்களின் வேலை. நுங்கம்பாக்கம் சங்கர நேத்ராலயா போன்ற பெரிய மருத்துவமனைகளில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு.

அங்கே போனால் முதலில் கருவியைக் காட்ட மாட்டார்கள். என்ன படிக்க வேண்டும் என்று கேட்பார்கள். தினத்தந்தியா, பஸ் நம்பரா, மருமகள் முகமா? ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு லென்ஸ். நான் வாங்கிய பூதக்கண்ணாடி ஏன் பயன்படவில்லை என்பதும் அங்கேதான் புரிந்தது. க்ளாக்கோமாவில் பார்வை ஓரங்களில் இருந்து சுருங்கிக்கொண்டு வரும். குழாய் வழியாகப் பார்ப்பது போல ஆகிவிடும். அந்தச் சின்ன வட்டத்துக்குள் எழுத்தைப் பெரிதாக்கினால் இரண்டு எழுத்துகூட அடங்காது. விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா கெட்டு நடுப்பார்வை போனவர்களுக்கோ இதே கண்ணாடி நன்றாக உதவும். கடைக்காரருக்கு இந்த வித்தியாசம் தெரிய வேண்டிய அவசியமில்லை. நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காதுக்கு முதலில் காது மூக்கு தொண்டை டாக்டர். சிரிக்காதீர்கள், பாதிப் பேருக்கு முதல் நாள் வேலை அழுக்கை எடுப்பதுதான். அதன் பிறகு ஆடியோகிராம். சத்தம் அடைத்த அறையில் உட்காரவைத்து, மெல்லிய பீப் ஒலிகளைக் கேட்கவைத்து எடுக்கும் வரைபடம் அது. அதன் ஒரு பிரதியைக் கட்டாயம் கேட்டு வாங்கி வையுங்கள். அது கண்ணாடிச் சீட்டு மாதிரி. அதில்லாமல் யார் கருவி விற்றாலும் வாங்காதீர்கள்.

வயதில் வரும் காது மந்தம் பெரும்பாலும் கீச்சு ஒலிகளைத்தான் முதலில் கொண்டுபோகும். உயிரொலிகள் காதில் விழும். ச, ஸ, ஃப போன்றவை விழாது. அதனால்தான் பெரியவர்கள் "கேக்குது, ஆனா என்ன சொல்றேன்னு புரியல" என்கிறார்கள். கத்திப் பேசினால் உயிரொலிகள்தான் இன்னும் கத்தும். எதிரே உட்கார்ந்து, முகம் தெரியும்படி, கொஞ்சம் நிதானமாகப் பேசினால் பாதிப் பிரச்சினை தீரும். டிவியை அணைத்துவிட்டு, மிக்சி ஓடாத நேரமாகப் பார்த்துப் பேசுங்கள். இதற்குக் காசு செலவில்லை. இருந்தும் எங்கள் வீட்டில் இதைப் பழகுவதற்குத்தான் அதிக நாள் ஆனது.

இரண்டாவது: அடையாள அட்டை

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொள்கிறது. அதில் நமக்கு வேண்டிய எண்கள் இவை. நல்ல கண்ணில், கண்ணாடி போட்ட பிறகும் 3/60க்குக் கீழே (நல்ல பார்வை உள்ளவர் 60 மீட்டரில் பார்ப்பதை 3 மீட்டரில் பார்ப்பதுதான் 3/60) இருந்தாலோ பரப்பு 10 டிகிரிக்குக் குறைந்தாலோ பார்வையின்மை. அதற்கு மேலே 6/18 வரை, அல்லது 40 டிகிரிக்குக் குறைந்த பரப்பு என்றால் குறைபார்வை. காதில், இரண்டிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் கேளாமை. 60 முதல் 70 வரை செவித்திறன் குறைவு. பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைபாடு குறைந்தது 40 சதவீதம் என்று சான்று வேண்டும்.

பெரியம்மாவுக்கு 55 டெசிபல்தான். சட்டத்தின் கணக்கில் அவர் வரவில்லை. வீட்டில் யாருடைய பேச்சும் அவருக்குப் புரியாது, ஆனால் அட்டை கிடையாது. இப்படி நடுவில் மாட்டிக்கொள்ளும் முதியவர்கள் நிறையப் பேர். அதற்காக அலைந்து மனம் நொந்துபோக வேண்டாம். அட்டை இல்லாமலும் இந்தக் கட்டுரையில் இருப்பதில் பாதிக்கு மேல் செய்துகொள்ளலாம்.

எண் பொருந்துகிறது என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யூடிஐடிக்கு விண்ணப்பியுங்கள். ஸ்வாவலம்பன் என்ற மத்திய அரசுத் தளத்தில் நேரடியாகப் போடலாம். முடியாவிட்டால் பக்கத்து இ-சேவை மையம். ஆதார், முகவரிச் சான்று, புகைப்படம், இருக்கிற மருத்துவச் சீட்டுகள், இவ்வளவுதான். மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்ததும் சோதனைக்குக் கூப்பிடுவார்கள். அட்டையின் நிறமே சதவீதத்தைச் சொல்லும்: 40க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80 முதல் நீலம்.

சென்னைக்காரர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. பேச்சில் எல்லாமே சென்னைதான். ஆனால் தாம்பரமும் பல்லாவரமும் செங்கல்பட்டு மாவட்டம். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர். குன்றத்தூர் காஞ்சிபுரம். அம்பத்தூர், மாதவரம், ஆலந்தூர், சோழிங்கநல்லூர் ஆகியவை 2018இல் சென்னை மாவட்டத்துக்குள் வந்துவிட்டன. கருவியோ உதவித்தொகையோ கேட்கப் போவது உங்கள் மாவட்டத்தின் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குத்தான். வேறு மாவட்டத்துக்குப் போனால் ஒரு நாள் வீண். ஆதாரில் எந்த மாவட்டம் இருக்கிறது என்று கிளம்பும் முன்பே பாருங்கள். மனு எங்கேயோ கிடக்கிறது என்று தோன்றினால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாளில் எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த அலுவலகத்தில் என்னவெல்லாம் கேட்கலாம்? மடக்குக் கோல், பிரெயில் கைக்கடிகாரம், காதுக்குப் பின்னால் அணியும் காதொலிக் கருவி, எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி. படிக்கிறவர்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் செயலிகளோடு கூடிய திறன்பேசி. எல்லாம் எல்லோருக்கும் உடனே கிடைத்துவிடாது, நிபந்தனைகள் உண்டு. மனு போட்டுவிட்டுத் தொடர்ந்து கேளுங்கள், ஆனால் அதற்காகக் காத்திருந்து அடுத்த படியைத் தள்ளிப்போடாதீர்கள்.

மூன்றாவது: கையில் இருக்கும் போன்

பத்தாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போனிலும் டாக்பேக் இருக்கும். அமைப்புகளுக்குள் ஆக்சசிபிலிட்டி என்ற பகுதியில் இருக்கும் திரைவாசிப்பான் அது, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும். ஐபோனில் இதே வேலையைச் செய்வது வாய்ஸ்ஓவர். போட்டதும் போன் ஒரேயடியாகப் பேச ஆரம்பிக்கும், தொட்டால் திறக்காது, வீடே பதறிப் போகும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். அப்பா கையில் கொடுத்தேன், அது அலறியது, அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுபடி கையில் எடுக்க ஆறு மாதம் ஆனது.

ஆகவே முதல் பாடம், அதை எப்படி நிறுத்துவது என்பது. இரண்டு வால்யூம் பொத்தான்களையும் சேர்த்துச் சில வினாடி அழுத்தினால் நிற்கும்படி குறுக்குவழி வைத்துவிடுங்கள். "பிடிக்கலேன்னா இப்படி அணைச்சிடலாம்ப்பா" என்று நான்கு முறை செய்து காட்டிய பிறகுதான் அப்பாவுக்குப் பயம் போனது. அடுத்தது மூன்றே சைகை: ஒரு விரலால் வலப்பக்கம் தள்ளினால் அடுத்த பொருள், இரண்டு முறை தட்டினால் திறக்கும், இரண்டு விரலால் நகர்த்தினால் பக்கம் உருளும். ஒரு வாரத்துக்கு வேறு எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். போன் எடுப்பது, பேசுவது, வைப்பது, இவ்வளவு போதும்.

பேசும் குரலைத் தமிழுக்கு மாற்ற, எழுத்தைப் பேச்சாக்கும் அமைப்பில் தமிழ்க் குரலை இறக்கிக்கொள்ள வேண்டும். வேகத்தை முதலில் குறைத்தே வையுங்கள். பழகியவர்கள் கேட்கும் வேகம் நமக்கு வெறும் சலசலப்பாகத்தான் இருக்கும். அப்பாவே இப்போது அந்த வேகத்தில்தான் செய்தி கேட்கிறார்.

இன்னொரு விஷயம். சொல்லிக்கொடுக்கும்போது போனை நீங்கள் வாங்கிக்கொள்ளாதீர்கள். "இங்க குடுங்க, நான் போட்டுத் தரேன்" என்ற வாக்கியம் எத்தனை பேருடைய பழக்கத்தைக் கெடுத்திருக்கும்! அவர் கையிலேயே இருக்கட்டும், உங்கள் வாய் மட்டும் பேசட்டும்.

பழகிய பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். ரிசர்வ் வங்கி 2020இல் வெளியிட்ட 'மணி' என்ற செயலி, ரூபாய் நோட்டைக் கேமராவுக்கு முன் காட்டினால் எவ்வளவு என்று சொல்லும். இணையம் தேவையில்லை. செயலி இல்லாத நேரத்துக்கு விரலே போதும்: புது நோட்டுகளில் ஓரத்தில் மேடான சாய்கோடுகள் இருக்கும். 100க்கும் 200க்கும் நான்கு கோடு, 200இல் அவற்றின் நடுவே இரண்டு புள்ளிவட்டம், 500க்கு ஐந்து கோடு. கோயம்பேடு சந்தையில் நாலு கை மாறி வந்த நோட்டில் அந்த மேடு தேய்ந்துபோயிருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அளவும் நோட்டுக்கு நோட்டு மாறும். பெரிய தொகைக்கு நீளம் கூடுதல்.

பி மை ஐஸ் என்ற செயலியில் தன்னார்வலர் ஒருவர் வீடியோ அழைப்பில் வந்து உங்கள் கேமரா வழியாகப் பார்த்துச் சொல்வார். பால் பாக்கெட்டின் தேதி, கேஸ் ரசீது போன்றவற்றுக்குச் சரி. வங்கிக் கடிதத்தையும் மருந்துச் சீட்டையும் அந்நியரிடம் காட்டுவதற்கு முன் யோசியுங்கள். அவற்றுக்குக் கூகுள் லென்ஸ் போதும். அச்சான தமிழை நன்றாகவே படிக்கும், கையெழுத்தில்தான் தடுமாறும்.

காது கேளாதவர்களுக்குப் போனில் இருக்கும் பெரிய வரம் லைவ் ட்ரான்ஸ்க்ரைப். எதிரே பேசுவது திரையில் எழுத்தாக ஓடும், தமிழும் உண்டு. அமைதியான அறையில் டாக்டரோடு பேசுவதற்கு அருமையாக இருக்கிறது. பாண்டி பஜார் நடைபாதையில் எதிர்பார்க்காதீர்கள். பேசுபவர் பக்கமாகப் போனைப் பிடித்தால் பிழை குறையும். காலிங் பெல், குழந்தை அழுகை போன்ற ஒலிகளைக் கேட்டு அதிர்ந்து காட்டும் வசதியும் ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது. உணவு டெலிவரிக்காரர்கள் போன் அடித்துக்கொண்டே இருப்பார்கள் என்பதால், முகவரிக்குக் கீழே "எனக்குக் காது கேட்காது, மெசேஜ் அனுப்புங்கள்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

நான்காவது: தொட்டுப் பார்த்துவிட்டு வாங்குவது

இப்போது கருவிக்கு வருவோம். மெரினாவுக்கு எதிரே காமராசர் சாலையில், லேடி வில்லிங்டன் கல்லூரி வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல ஆணையரகம் இருக்கிறது. அதே வளாகத்தில் மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ் என்ற இடம். பெயர்தான் மியூசியம், "தொடாதீர்கள்" என்ற பலகை கிடையாது. சமையலறை, படுக்கையறை, வேலை செய்யும் மேசை என்று வீட்டு அறைகளைப் போல அமைத்து, அன்றாட வேலைகளுக்கான உதவிக் கருவிகளை எடுத்துப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். அங்கே எதையும் விற்கவில்லை என்பதே அதன் அழகு. விற்க வராதவரிடம் கேட்கிற கேள்வியே வேறு மாதிரி இருக்கும். நீங்கள் மட்டும் போகாதீர்கள், கருவி யாருக்கோ அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாற்றுத்திறனாளிகளே நடத்தும் கஃபே ஒன்றும் அங்கே உண்டு. அப்பாவுக்கு மியூசியத்தைவிட அதுதான் பிடித்தது.

சோழிங்கநல்லூர் பக்கம் இருப்பவர்கள், மாநில அரசு 'விழுதுகள்' என்ற பெயரில் திறந்திருக்கும் ஒருங்கிணைந்த சேவை மையத்தையும் விசாரிக்கலாம். பார்வையும் செவியும் சேர்ந்து பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈசிஆரில் முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம்தான் சரியான இடம். தூரம்தான், ஆனால் காதையும் கண்ணையும் தனித்தனியாகப் பார்க்கும் மருத்துவமனைகளில் இந்தக் கூட்டுப் பிரச்சினை நடுவில் விழுந்துவிடும்.

காதொலிக் கருவியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பணம் அதிகம் போகும் இடம் இது. இணையத்தில் ஆயிரம், இரண்டாயிரத்துக்குக் கிடைப்பது வெறும் ஒலிபெருக்கி. எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி கூட்டும். பெரியம்மாவுக்குக் கேட்காத கீச்சு ஒலியோடு நன்றாகவே கேட்கும் ஹார்ன் சத்தத்தையும் சேர்த்துக் கூட்டும். உண்மையான கருவியை ஆடியோகிராமைப் பார்த்து, எந்த ஒலிக்கு எவ்வளவு என்று கணினியில் அமைப்பார்கள். அதைச் செய்கிறவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவுபெற்ற ஆடியாலஜிஸ்டா (செவித்திறன் நிபுணர்) என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

நான் முதலில் போன கடையில் விலை உயர்ந்ததையே எடுத்துக் காட்டினார்கள். வாங்கி, மாட்டி, காசு கட்டி, முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம். பெரியம்மா இரண்டு நாள் போட்டார். "டேய், பாத்திரம் விழுற சத்தம் மண்டைக்குள்ள கேக்குதுடா" என்று கழற்றி வைத்தவர்தான். திரும்பப் போய் அமைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும், முதல் மாதத்தில் அதுவே இரண்டு மூன்று தடவை நடக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்து வேறொரு ஆடியாலஜிஸ்ட் அதே கருவியை அமைத்துத் தந்தார். இப்போது போடுகிறார், டிவி தொடர் நேரத்தில் மட்டுமாவது.

ஆக, வாங்கும் முன் கேட்க வேண்டியவை: போட்டுப் பார்க்க எத்தனை நாள் தருவீர்கள்? எத்தனை முறை இலவசமாக அமைத்துத் தருவீர்கள்? ரிப்பேர் இங்கேயேவா, வெளியூருக்கு அனுப்புவீர்களா? இரண்டு காதிலும் குறை என்றால் இரண்டுக்கும் போடுவதுதான் பேச்சு புரிய உதவும். காசு இடித்தால் ஆடியாலஜிஸ்ட்டிடம் எந்தக் காது முதலில் என்று கேளுங்கள். காதொலிக் கருவிக்கு ஜிஎஸ்டி கிடையாது, பில்லில் போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

முதல் வாரம் வீட்டுக்குள் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம், அப்புறம் வாசல் திண்ணை, கடைசியாகக் கல்யாண மண்டபம். மூளை பல வருடம் கேட்காமல் இருந்த சத்தங்களை மறுபடி பிரித்தறியப் பழக வேண்டும், வாரக்கணக்கில் ஆகும்.

சென்னையில் கருவியைக் கொல்வது வியர்வையும் கடல் காற்றும்தான். இரவில் கழற்றி, பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். ஜிங்க் ஏர் பேட்டரி என்றால் மேலே இருக்கும் ஸ்டிக்கரை உரித்துவிட்டு ஒரு நிமிடம் காற்றுப்படட்டும், பிறகு போடுங்கள். உரித்த நேரத்திலிருந்தே அது தீரத் தொடங்கிவிடும் என்பதால் முன்கூட்டி உரித்து வைக்கக் கூடாது. ஸ்டிக்கர் நிறம்தான் அளவு: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். கடைக்காரரிடம் நிறத்தைச் சொன்னாலே எடுத்துத் தருவார். கருவி விசிலடித்தால் பாதி நேரம் காதில் அழுக்கு, மீதி நேரம் காதுக்குள் பொருத்தும் அச்சு சரியாக உட்காரவில்லை.

குழந்தை என்றால் காத்திருக்காதீர்கள்

பெரியவர்களுக்கு நிதானம் நல்லது. குழந்தைக்கு நிதானம் கெடுதல். பிறந்து ஒரு மாதத்துக்குள் செவிச் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும், இதுதான் உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று பாட்டி சொல்வதைக் கேட்டு உட்காராதீர்கள். கைக்குழந்தைக்குப் பீப் ஒலி கேட்டுக் கை தூக்கத் தெரியாது. ஒலி மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று தூங்கும்போதே பார்க்கும் பேரா சோதனை இருக்கிறது.

காதொலிக் கருவி போதாத குழந்தைக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது உட்காதில் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆறு வயதுக்கு உட்பட்ட தகுதியுள்ள குழந்தைகளுக்கு இது செய்யப்படுகிறது. அறுவைச் சிகிச்சை முடிந்த நாள் கொண்டாட்டம் வைக்காதீர்கள், வேலை அன்றுதான் தொடங்குகிறது. வாரந்தோறும் பேச்சுப் பயிற்சி, வீட்டில் நாள் முழுக்கப் பேச்சு, பிற்காலத்தில் வெளிப்பகுதிக் கருவியின் வயருக்கும் பேட்டரிக்கும் செலவு. இவற்றைத் தாங்க முடியுமா என்று குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள்.

அடையாறு பக்கம் பால வித்யாலயா 1969 முதல் கேளாத சிறு குழந்தைகளுக்குப் பேச்சு வழியாக மொழி கற்றுத்தருகிறது. அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கும் பள்ளி. சைகை மொழியோடு படிப்பு வேண்டுமென்றால் அதற்கும் நகரத்தில் பள்ளிகள் உண்டு. மாநிலக் கல்லூரியில் காது கேளாதோருக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன. பேச்சா சைகையா என்ற சண்டையில் நான் இறங்கப் போவதில்லை. ஏதாவது ஒரு மொழி முழுசாகக் குழந்தைக்குச் சீக்கிரம் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தியச் சைகை மொழிக்கு டெல்லியில் 2015இல் தனி ஆய்வு மையம் வந்தது; 10,000 சொற்கள் கொண்ட அவர்களுடைய காணொளி அகராதி இணையத்தில் இலவசம். அப்பா, அம்மா, தண்ணீர், வலி என்று நாளுக்கு ஐந்து சொல் எடுத்துக்கொண்டால் வீடே ஒரு வருடத்தில் பேசும்.

தெருவும் பஸ்ஸும்

வெண்கோலை வாங்கும்போது நெஞ்செலும்பு உயரத்துக்கு நிற்கிறதா என்று பாருங்கள். அப்பா அதைக் கையில் எடுக்கவே மாட்டேன் என்றார். கோல் எடுத்தால் தெருவுக்கே தெரிந்துவிடுமாம். தெரியட்டும் என்பதுதானே அதன் பாதி வேலை, ஆட்டோக்காரர் அதைப் பார்த்துத்தான் நிறுத்துகிறார். ஆனால் இதை மகன் சொல்லி எந்த அப்பா கேட்டார்? கோலோடு நடக்கும் இன்னொருவரோடு ஒரு நாள் டீக்கடை வரை போய்விட்டு வந்தார், மறுநாள் எடுத்துக்கொண்டார்.

சாதாரணக் கோல் தரையில் இருப்பதைத்தான் சொல்லும். நம் நடைபாதையிலோ தாழ்ந்த மரக்கிளை, டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி, தொங்கும் கேபிள், நிறுத்திய லாரியின் பின்பலகை என்று ஆபத்து இடுப்புக்கு மேலேதான். ஐஐடி டெல்லி உருவாக்கிய ஸ்மார்ட்கேன், கோலின் பிடியில் மாட்டும் மீயொலிக் கருவி. முழங்காலுக்கு மேலே எதிரில் ஏதாவது வந்தால் மூன்று மீட்டர் வரைக்கும் அதிர்வில் சொல்லும். அதைத் தயாரிப்பது சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். முதலில் சாதாரணக் கோலில் நடை பழகட்டும், பிறகு இது. பூந்தமல்லியில் பார்வைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது; நடைப் பயிற்சி, பிரெயில் பற்றியெல்லாம் அங்கே விசாரிக்கலாம்.

சாதாரணக் கட்டண மாநகரப் பஸ்களில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் 2021 முதல் டிக்கெட் கிடையாது. அட்டையின் அசல் கையில் இருக்க வேண்டும். மெட்ரோவில் தரையில் மேடான மஞ்சள் ஓடுகள் இருக்கும், நிலையம் வருவதைத் தமிழிலும் சொல்வார்கள். நுழைவாயிலில் ஊழியரிடம் சொன்னால் பெட்டி வரை கூட்டிப்போவார்கள். ரயிலில் பார்வையற்றவருக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் ஸ்லீப்பர் வகுப்பில் 75 சதவீதச் சலுகை. ரயில்வேயின் தனி அடையாள அட்டையை முன்பே எடுத்து வையுங்கள், டிக்கெட் போடும் நாளில் நினைவுக்கு வந்தால் லேட்.

படிப்பும் பாங்கும்

கணினிக்கு என்விடிஏ போதும். 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் தொடங்கிய இலவசத் திரைவாசிப்பான். தமிழ்க் குரல் கொஞ்சம் ரோபோ மாதிரி இருக்கும், பழகிவிடும். கண்ட்ரோல் விசையை அழுத்தினால் பேச்சு நிற்கும், இதையும் முதல் பாடமாக வையுங்கள். முறையாகக் கற்க விரும்பினால் சென்னையில் கர்ண வித்யா அமைப்பு பார்வையற்றவர்களுக்குக் கணினிப் பயிற்சி தருகிறது.

தமிழில் ஒரு தனித் தொல்லை உண்டு. பழைய பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டிய கோப்பைத் திரைவாசிப்பான் படித்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகக் கேட்கும். யூனிகோடில் இருந்தால் மட்டுமே அது தமிழ். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இருந்தாலும் ஸ்கேன் செய்த அரசாணைகளும் சங்கக் கடிதங்களும் படமாகத்தான் வருகின்றன. உங்களுக்கு யாராவது அனுப்பினால் "யூனிகோடில் தட்டி அனுப்புங்கள்" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். படமாகத்தான் கிடைக்கிறது என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி, ஆவணமாகத் திறந்தால் எழுத்தாக மாற்றித் தரும்.

புத்தகத்துக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் தரைத்தளத்தில் பிரெயில் பிரிவு இருக்கிறது. வீட்டிலிருந்தே படிக்க சுகம்யா புஸ்தகாலயா என்ற இணைய நூலகம்; அச்சில் படிக்க இயலாதவர் என்ற சான்றோடு உறுப்பினராகலாம்.

பாங்கில் பேசும் ஏடிஎம்களுக்கு வயர் உள்ள இயர்போன் வேண்டும். இப்போது வரும் போன்களோடு அது வருவதில்லை, நாற்பது ரூபாய்க்கு ஒன்று வாங்கிப் பையில் போட்டு வையுங்கள். போனில் யுபிஐ பின் அடிக்கும்போதும் இயர்போன் மாட்டிக்கொண்டே அடிக்க வேண்டும். பாங்கின் அடையாளச் சரிபார்ப்பான கேஒய்சி வீடியோவில் "கண்ணைச் சிமிட்டுங்கள்" என்று சொல்லி நிராகரித்தால் விட்டுவிடாதீர்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து, கேஒய்சி முறையை எல்லோரும் செய்யும்படி மாற்றச் சொல்லியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டுக் கிளை மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள்.

கடைசியாக ஒரு ஃபைல். யூடிஐடி நகல் ஐந்து, மருத்துவச் சான்று, ஆடியோகிராம், பார்வைப் பரப்பு அறிக்கை, கருவியின் பில்லும் உத்தரவாத அட்டையும், மனு கொடுத்த ரசீதுகள். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அதையே தூக்கிக்கொண்டு போகலாம். எங்கள் வீட்டில் அந்த ஃபைலுக்கு இரண்டு ரப்பர் பேண்ட், மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்று. நான் தேடிக்கொண்டிருக்கும்போதே அப்பா பீரோவில் தடவிப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.